நாற்காலி கேட்டவள்

“அதிகாரி வேஷம் எனக்குக் குடுங்க சார்.”

கேட்டே விட்டாள். கேட்கவே கூடாது என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாடகக் குழுவின் செக்ரட்டரி முந்தின நாளே நோட்டீஸ் போர்டு பக்கத்தில் அவளை நிறுத்தி வைத்து, “இங்க பாரு, இந்த வேஷம் வேணும் அந்த வேஷம் வேணும்னு கேக்குறதெல்லாம் நம்ம குழுவுல கிடையாது. குடுத்ததை வாங்கிக்கிட்டு நன்றி சொல்லணும். அவ்வளவுதான்” என்றிருந்தான். அம்மா, “கேட்டா குடுக்கிறவங்களா இருந்தா கேக்காமலே குடுத்திருப்பாங்க, வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்காதே” என்றாள். அவளுடைய ஜோடி ஜவ்வு மட்டும் கொஞ்சம் இடம் விட்டாள். “கேக்காதடி. கேட்டே தீரணும்னா சிரிச்சுக்கிட்டாவது கேளு.”

கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வந்து உட்காருவதில்லை.

டைரக்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். இதே கல்லூரியில் படித்துவிட்டுப் போனவர். இப்போது வெளியில் நாடகம், விளம்பரம் என்று என்னென்னவோ செய்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை வந்து, கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு நாடகம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். கோப்பையும் பெரும்பாலும் வந்துவிடும். அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

“ஓகோ,” என்றார். பிறகு அவளை விட்டுவிட்டு, வேஷத் தேர்வுக்கு ஜோடி ஜோடியாக வந்து அரங்கில் சிதறி உட்கார்ந்திருந்த மற்றவர்களைப் பார்த்து, “மேடத்துக்கு நாற்காலி வேணுமாம்ப்பா!” என்றார்.

அரங்கம் சிரித்தது. வேஷம் கிடைக்காதா என்று காத்திருந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள்.

மேடையில் ஒரு மேஜையும், அதற்குப் பின்னால் கை வைத்த நாற்காலி ஒன்றும் போட்டிருந்தார்கள். தேர்வுக்குக் கொடுத்திருந்த காட்சியில் இரண்டே பேர்தான். ஓர் ஆஸ்பத்திரியில் வார்டுக்குள் புகை வந்தபோது கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டியவள் அங்கே வேலை செய்யும் ஆயா. விசாரிக்க வந்தவள் ஒரு பெண் அதிகாரி. நாற்காலியில் அதிகாரி, எதிரில் தரை துடைக்கும் மாப்போடு நிற்பவள் ஆயா. நாடகம் முழுக்க அந்த அதிகாரியின் பின்னால்தான் போகிறது. ஆயா அங்கங்கே வந்து அழுதுவிட்டுப் போவாள்.

அழுவது அவளுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை மாப்.

கல்லூரியில் அவளுக்கு மைக் என்று பெயர். முதலாம் ஆண்டு விழாவில் பாதியில் கரண்ட் போய்விட, நன்றியுரையைக் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி சத்தமாகப் பேசி முடித்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நாடகக் குழுவில் சேர்த்தார்கள். சேர்த்த கையோடு துடைப்பத்தையும் கொடுத்தார்கள். முதல் வருஷம் அரண்மனையைப் பெருக்கினாள். இரண்டாம் வருஷம் ஒரு பணக்கார வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இரண்டு வசனம் பேசினாள். இது கடைசி வருஷம். இந்த முறை ஆஸ்பத்திரி. முன்னேற்றம்தான், துடைப்பம் போய் மாப் வந்திருக்கிறது.

முதல் வருஷ நாடகத்துக்கு அம்மா வந்திருந்தாள். அம்மாவுக்குப் பல மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. அன்றைக்குப் பாதி நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன மகள் விளக்கு வெளிச்சத்தில் வரப்போகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் சொல்லி வேறு வைத்திருந்தாள். மகள் வந்தாள், பெருக்கினாள், போனாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கியதும்தான் கேட்டாள்.

“ஏன்டி, இதுக்கா லீவு போட்டு வரச் சொன்ன? இதைத்தான நான் தினமும் பண்றேன். என்னைப் பார்த்து யாராவது கை தட்டியிருக்காங்களா?”

“அம்மா, அது நடிப்பும்மா.”

“நடிப்புன்னா இல்லாததைப் பண்றது. மூலையெல்லாம் அப்படியே விட்டுட்ட, அது வேணா நடிப்பு.”

இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று சிரித்தார்கள். ஆனால் அடுத்த வருஷம் கூப்பிட்டபோது அம்மா வரவில்லை. இந்த வருஷம் தேர்வு என்று சொன்னதும், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “கையில ஒண்ணும் இல்லாம மேடைக்கு வா. வந்து பாக்குறேன்” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். மைக் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே கேட்டாள். கேட்டதற்கு அரங்கம் சிரித்தது.

“இதுல சிரிக்க என்ன சார் இருக்கு? ஜோடியா வரச் சொன்னீங்க. எந்த வேஷம்னு சொல்லல. அதனால ரெண்டு பேரும் ரெண்டையும் பாடம் பண்ணியிருக்கோம். நான் அதிகாரி பண்றேன், இவ ஆயா பண்ணட்டும். பாருங்க. பிடிக்கலேன்னா அப்புறம் மாத்துங்க.”

பக்கத்தில் ஜவ்வு தலையை ஆட்டினாள். “ஆமா சார். நாங்க அப்படிப் பண்றோம்.” ‘ஆமா’ என்பதை அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். இழுத்து இழுத்துப் பேசுவதால்தான் அவள் ஜவ்வு. பல் டாக்டர் மகள். நெடுநெடுவென்று வளர்த்தி, மடிப்புக் கலையாத சட்டை, நல்ல செருப்பு. பார்த்தால் யாரும் எழுந்து இடம் கொடுப்பார்கள்.

டைரக்டரும் அதைத்தான் பார்த்தார்.

“இங்க பாரும்மா. அதிகாரின்னா உள்ள வந்ததுமே தெரியணும். ஒரு களை வேணும். உனக்கு அது வேண்டாம். உன்கிட்ட வேற ஒண்ணு இருக்கு. மண்ணு மாதிரி இருக்க நீ. அப்படியே இயல்பா.”

“மண்ணு மாதிரின்னா?”

“பாராட்டுறேன்மா.”

“வீட்ல போய்ச் சொல்லிக்கிறேன் சார்.”

இந்த முறை சிரித்தவர்கள் வேறு ஆட்கள். செக்ரட்டரி மேடை ஓரத்திலிருந்து கண்ணாலேயே கும்பிடு போட்டான், வாயை மூடு என்று. டைரக்டர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து இரண்டு முறை தட்டினார். “நீ உக்காரு” என்றார் ஜவ்விடம். “நீ மாப் எடு” என்றார் மைக்கிடம்.

மாப் நிஜமானது. கல்லூரி வராண்டாவைத் துடைக்கிற மாப். நுனியில் இன்னும் ஈரம் இருந்தது. மைக் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள்.

இந்தக் காட்சியை அவர்கள் ஒத்திகை பார்த்தது ஜவ்வின் அப்பாவுடைய கிளினிக்கில். கல்லூரியில் இடம் கிடையாது. ஒத்திகை அறைக்கு வரிசையில் காத்திருந்தால் காட்சியை விட வரிசைதான் பாடமாகும். மதியம் டாக்டர் சாப்பிடப் போகிற நேரம் கிளினிக் பூட்டியிருக்கும். சாவியை ஜவ்விடம் கொடுத்துவிட்டுப் போவார். “எதையும் தொடக்கூடாது, முக்கியமா டிரில்லைத் தொடக்கூடாது” என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். தொட ஆசை இருந்தது, தொடவில்லை.

கிளினிக்கில் நாற்காலி என்றால் ஒன்றே ஒன்றுதான். பல் பிடுங்குகிற நாற்காலி. தரையோடு அறைந்தது, நகராது. முதல் நாள் ஜவ்வு அதிகாரியாக அதில் ஏறி உட்கார்ந்தாள். சாய்ந்த நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு அதிகாரி விசாரிப்பதைப் பார்த்ததும் மைக்குக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்துவிட்டது.

“மேடம், எந்தப் பல்லு வலிக்குது?”

“போடி. நீயே வந்து உக்காரு.”

அப்படித்தான் ஆயா நாற்காலிக்கு வந்தாள். அதிகாரி எழுந்து நின்றாள். விளையாட்டாகத் தொடங்கியதுதான். ஆனால் நாற்காலியில் கிடந்த மைக்குக்கு, பின்னாலிருந்து ஜவ்வின் குரல், “கதவைப் பூட்டினது யாரு?” என்று கேட்டபோது முதுகு சில்லென்றது. ஆளைக் காணோம், குரல் மட்டும் வருகிறது. தலைக்கு மேல் விளக்கு. எழுந்து ஓடவும் வழியில்லை.

“நிறுத்து,” என்றாள். “இது எனக்குத் தெரியும்.”

சின்ன வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக அம்மாவின் கட்டடத்துக்குப் போயிருந்தாள். மேலாளர் ஒருவருடைய கைக்கடிகாரம் காணாமல் போயிருந்தது. மேற்பார்வையாளர் அம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, “உக்காருங்கம்மா” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்தக் கட்டடத்தில் அம்மா உட்கார்ந்ததை மைக் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் உட்காரவில்லை. அம்மாவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சத்தம் போடவில்லை. மெதுவாகக் கேட்டார். பதில் வந்ததும் அதையே திரும்பவும் மெதுவாகக் கேட்டார். அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொல்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். மைக் புத்தகப்பையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரம் பிறகு அந்த மேலாளரின் மேஜை டிராயரிலேயே கிடைத்ததாம். அதை அம்மாவிடம் யாரும் வந்து சொல்லவில்லை. வேறு யாரோ பேசிக்கொண்டதுதான் அம்மா காதில் விழுந்தது.

“நிக்க வெச்சிருந்தா ஓடியாவது வந்திருப்பேன்,” என்று அம்மா அன்றைக்குச் சொன்னாள். “உக்கார வெச்சு இல்ல கேட்டான்.”

இதை மைக் ஜவ்விடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை. ஜவ்வு அதற்கு ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் டாக்டரின் சக்கர ஸ்டூலை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்போ நாம இப்படியே பண்ணுவோம்டி. உக்கார்றவ ஆயா. நிக்கிறவ அதிகாரி” என்றாள். ஸ்டூலை ஒரு தள்ளு தள்ளி மூலைக்கு அனுப்பினாள்.

அதன் பிறகு மதியம் தவறாமல் அப்படியே செய்தார்கள். ஒரு நாள் இவள் உட்கார்ந்தால் மறுநாள் அவள். டாக்டர் நோயாளிகளிடம் சொல்கிற விதியையே தங்களுக்கும் வைத்துக்கொண்டார்கள்: வலித்தால் இடது கையைத் தூக்க வேண்டும், உடனே நிறுத்திவிட வேண்டும். வசனம் மறந்தாலும் இடது கை, சிரிப்பு வந்தாலும் இடது கை, நிஜமாகவே பயமாக இருந்தாலும் இடது கை. ஏன் என்று கேட்கக்கூடாது. ஒருத்தி கையைத் தூக்கி மற்றவள் நிறுத்தாமல் போனது ஒரு நாளும் கிடையாது.

நல்ல ஒத்திகை. ஆனால் ஒன்றை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. வசனம் வாயில் ஏறியதைப் போலவே அந்த நாற்காலியும் உடம்பில் ஏறிவிட்டது. மேடையில் எல்லாம் தலைகீழாக இருக்கும் என்று தெரிந்தும், ஒரு முறைகூட நாற்காலியில் அதிகாரியை உட்காரவைத்துப் பார்க்கவில்லை.

“ஆரம்பிங்க,” என்றார் டைரக்டர்.

ஜவ்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மைக் மாப்போடு மேஜைக்கு எதிரில் நின்றாள்.

“வார்டு கதவைப் பூட்டினது யாரு?”

“நான்தான்.”

“யாரு பூட்டச் சொன்னா?”

“யாரும் சொல்லல. பூட்டுறதுதான் பழக்கம்.”

“உள்ள ஆளுங்க இருந்தது தெரியுமா?”

“ஆளுங்க இருந்தா பூட்டக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே.”

ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒன்றும் மோசமில்லை. ஒன்றும் விசேஷமும் இல்லை. முன்னால் வந்துபோன ஜோடிகளைப் போலவே இருந்தது. அதிகாரி அதட்டினாள், ஆயா குனிந்தாள். கடைசி வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டதை மைக் மேடையிலிருந்தே பார்த்தாள்.

“ஆயா, அங்கேயே கட்டை மாதிரி நிக்காதே,” என்று டைரக்டர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். “கிட்டப் போ. போய்க் கெஞ்சு.”

மைக் கிட்டப் போனாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியின் பக்கவாட்டுக்கே போய்விட்டாள். மேடையில் எரிந்த ஒரே பெரிய விளக்கு நேராக ஜவ்வின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஜவ்வு அண்ணாந்து பார்த்தாள். பக்கத்தில் மைக் நிற்கிறாள், மேலே விளக்கு, கீழே நாற்காலி. கிளினிக்கேதான்.

“சாவி யார்கிட்ட இருந்துச்சு?” என்று கேட்டாள் ஜவ்வு.

மைக் பதிலுக்கு முன் ஒரு மூச்சு இடைவெளி விட்டாள். அந்த இடத்தில் எப்போதும் விடுகிற இடைவெளிதான். அந்த இடைவெளிக்குள் ஜவ்வின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“என்கிட்டதான்,” என்றாள் ஜவ்வு.

தான் கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாற்காலியின் கைப்பிடியிலிருந்து அவளுடைய இடது கை மெல்ல மேலே எழும்பியது.

மைக் அந்தக் கையைப் பார்த்தாள். நிறுத்த வேண்டும், அதுதான் விதி. நிறுத்தினால் இரண்டு பேரும் வெளியே. அதுவும் தெரியும். அவள் ஒரே ஒரு விரலை ஜவ்வின் மணிக்கட்டின் மேல் வைத்து, மெதுவாக, கையைத் திரும்பக் கைப்பிடியிலேயே இறக்கினாள். ஜவ்வு அவள் கண்ணைப் பார்த்தாள். அவ்வளவுதான், கை அங்கேயே கிடந்தது.

“உன்கிட்டதான் இருந்துச்சா?” என்றாள் மைக்.

மெதுவாகக் கேட்டாள். மைக் என்று பெயரெடுத்தவள் அந்த மேடையில் குரலைத் தாழ்த்தியது அதுதான் முதல் முறை. கடைசி வரிசைக்கும் கேட்டது.

“ஆமாங்க,” என்றாள் ஜவ்வு.

“யார்கிட்ட இருந்துச்சு?”

“என்கிட்டங்க.”

மைக் மாப்பை ஜவ்வின் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு நாற்காலியின் பின்னால் போனாள். ஜவ்வு திரும்பிப் பார்க்கப் போய், பாதியில் நிறுத்தி, எதிரில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். மடியில் ஈர மாப். அந்த நல்ல சட்டையில் தண்ணீர் பரவுவதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அவளுடைய இழுவை இப்போது சரியாகப் பொருந்தியது. ஒவ்வொரு சொல்லையும் சொல்லலாமா வேண்டாமா என்று பயந்து பயந்து வெளியே விடுகிற ஆயாவாக இருந்தாள். மைக் நடந்தாள். இடது பக்கம் கேட்டாள், பதில் வருவதற்குள் வலது பக்கம் போய்விட்டாள். அதட்டவே இல்லை. நடுவில் ஒரு முறை ஜவ்வின் தோளிலிருந்த நூலை எடுத்து ஊதிவிட்டாள். அது ஒத்திகையில் இல்லாதது. அரங்கில் யாரோ சின்னதாக மூச்சை இழுத்தார்கள்.

கடைசி வசனம் அதிகாரியுடையது. மைக் குனிந்து, ஜவ்வின் காதருகே வைத்துச் சொன்னாள்.

“பூட்டச் சொன்னது யாருன்னு நான் கேக்கமாட்டேன். நீயும் சொல்லமாட்டே. புரியுதா?”

ஜவ்வு தலையை ஆட்டினாள். காட்சி முடிந்தது.

யாரும் கை தட்டவில்லை. கை தட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கொட்டாவி விட்டவன் வாயை மூடிக்கொண்டு முன் இருக்கையின் மேல் சாய்ந்திருந்தான்.

டைரக்டர் எழுந்து மேடைக்கே வந்துவிட்டார்.

“இது யார் ஐடியா?”

“ஐடியா இல்ல சார்,” என்றாள் ஜவ்வு. அவளுக்குப் பொய் சொல்ல வராது. “நான் தப்பு பண்ணிட்டேன். நாங்க ஒத்திகை பாக்குறப்போ ஆயாதான் உக்காருவா. அந்தப் பழக்கத்துல...”

“தப்பா? யம்மா, இதுதான்மா நாடகம்! நாற்காலியில உக்கார்றவங்கதான் அதிகாரம்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. இங்க நிக்கிறவதான் அதிகாரம். உக்கார்றவ மாட்டிக்கிட்டா. எவ்வளவு அழகு!” செக்ரட்டரி பக்கம் திரும்பி, “குறிச்சுக்கோ. நாடகம் முழுக்க இப்படித்தான். அதிகாரி உக்காரவே கூடாது” என்றார்.

செக்ரட்டரி குறித்துக்கொண்டான்.

மைக்கின் கண்ணில் அம்மாவின் முகம் ஒரு நொடி வந்து போனது. மூன்றாவது வரிசை, இஸ்திரி போட்ட புடவை. கையில் ஒன்றும் இல்லாமல் மேடைக்கு வருகிறேன் என்று இன்றைக்குப் போய்ச் சொல்லிவிடலாம்.

“நீங்க ரெண்டு பேரும் தேர்வாயிட்டீங்க,” என்றார் டைரக்டர். “போட்டிக்கு இந்த ஜோடிதான். வேற பேச்சே இல்ல.” பிறகு ஜவ்வைப் பிடித்து எழுப்பி நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தினார். “நீ அதிகாரி. இப்ப இவ பண்ணாள்ல, அதே மாதிரி நடக்கணும், அதே மாதிரி மெதுவா. அந்த நூல் எடுக்கிறதையும் விட்டுடாதே. இவளைப் பார்த்துக் கத்துக்கோ.” மைக் பக்கம் திரும்பினார். “நீ ஆயா. வந்து உக்காரு.”

மைக் உட்காரவில்லை.

“சார், அதிகாரியா இவதானே பண்ணா?” என்றாள் ஜவ்வு. முதல் தடவையாக அவள் இழுக்காமல் பேசினாள். “நீங்க பார்த்தீங்க. எல்லாரும் பார்த்தாங்க.”

“பார்த்தேன். பிரமாதம். யாரு இல்லேன்னா? ஆனா போட்டியில ஜட்ஜுங்க இவளை நேர்ல பார்த்ததும் அதிகாரின்னு நம்பணும்ல? சொல்லிக் குடுக்கட்டும் உனக்கு. ரெண்டு பேருந்தான சேந்து பண்ணப் போறீங்க.” அரங்கத்தைப் பார்த்துக் கையை விரித்தார். “நாற்காலி வேணும்னு வந்ததுமே கேட்டா. நாற்காலி குடுத்தாச்சு. சந்தோஷந்தான மைக்கு?”

சிலர் சிரித்தார்கள். முன்னைவிடக் குறைவாகத்தான்.

மைக் நாற்காலியைப் பார்த்தாள். கைப்பிடியில் ஜவ்வின் வியர்வை இன்னும் காயவில்லை. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நன்றாகவே செய்வாள். கை தட்டுவார்கள். கோப்பைகூட வரும். லீவு போட்டுவிட்டு வந்து, அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாள். மகளை உட்காரவைத்து ஒருத்தி சுற்றிச் சுற்றி நடந்து மெதுவாகக் கேட்பதைப் பார்ப்பாள். மகள் மடியில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் பதில் சொல்வதைப் பார்ப்பாள்.

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க மைக் எதையாவது சொல்லிவிடுவாள் என்று ஜவ்வு பயந்து போய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செக்ரட்டரியும் அதே பயத்தோடுதான் நின்றான். மைக் டைரக்டரைப் பார்த்து நின்று, இடது கையைத் தூக்கினாள்.

“என்ன, சந்தேகமா?” என்றார் டைரக்டர். “கேளு.”

“சந்தேகம் இல்ல சார். நிறுத்தச் சொல்றேன்.”

“எதை?”

ஜவ்வுக்குப் புரிந்துவிட்டது. டைரக்டரின் தோளுக்கு மேலாக மைக் அவளைப் பார்த்தாள். நீ இருந்து பண்ணினாலும் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்தாள். ஆனால் அது பொய். ஜவ்வுக்குப் பொய் சொல்ல வராது என்றால் ஜவ்விடம் பொய் சொல்ல மைக்குக்கு வராது.

மேடையிலிருந்து இறங்கி, தன் பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

“ஏய், போனா அவ்வளவுதான்,” என்றான் செக்ரட்டரி, கூடவே நடந்து வந்து, தணிந்த குரலில். “நடுவுல எழுந்து போறவங்களைத் திரும்பச் சேத்துக்கிறதில்ல. இது நம்ம குழுப் பழக்கம்.”

“தெரியும். கேக்காம இருக்கிறதும் உங்க குழுப் பழக்கந்தான்.”

“கடைசி வருஷம்டி. போட்டியில ஆயாவா வந்தா என்ன இப்போ?”

“நீ வா. நல்லா பண்ணுவ. மண்ணு மாதிரி இருக்க.”

அவன் நின்றுவிட்டான். அவள் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் லீவு. அம்மாவுக்கும் லீவு. நோயாளிகள் காத்திருக்கிற பெஞ்சு ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்கத் தாராளம். அங்கே அதிகாரியாக அம்மாவுக்கு நடித்துக் காட்டுவது என்ற முடிவை அவள் இப்போது யோசித்து எடுக்கவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே எடுத்தாகிவிட்டது. இனி கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

கதவருகே போனதும் திரும்பி நின்றாள். மேடையில் ஜவ்வு இன்னும் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள், சட்டையில் ஈரத்தோடு. டைரக்டர் அவளிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

மைக் குரலை உயர்த்தவில்லை. அதிகாரியின் குரலிலேயே, மெதுவாகக் கேட்டாள்.

“சாவி யார்கிட்ட இருக்கு?”

அரங்கம் திரும்பிப் பார்த்தது. டைரக்டர் பேச்சை நிறுத்தினார். ஜவ்வு ஒரு மூச்சு இடைவெளி விட்டாள். எப்போதும் விடுகிற அதே இடைவெளி.

“என்கிட்டதான்,” என்றாள்.

மைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.